பெயரிழந்த புலவரும் காட்சிச் சொற்களும்

நன்னூலார் பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப்படுத்துவர். கண் முதலிய பொறிகளுக்குப் புலனாவனவற்றைக் காட்சிப்பொருள் என்றும், மனத்தால் மாத்திரம் உணரப்படுவனவற்றைக் கருத்துப்பொருள் என்றும் இலக்கணங் கற்பிப்போர் பிரித்துரைப்பதும் வழக்கம். ஆயின் இப்பாகுபாடு இலக்கண வகுப்போடு நின்றுவிடுகின்றது. செய்யுளொன்றின் நயங் கூறப் புகும் மாணவர் 'எழில்', 'இனிமை', 'உவமைநயம்' என்னுங் கருத்துச் சொற்களை அடுக்கிவிட்டு, புலவன் கையாண்ட காட்சிச் சொல்லைத் தொடாமலே அமைந்துவிடுகின்றனர். ஆசிரியரும் சிலபொழுது அதற்கே புள்ளி வழங்குகின்றனர். பழந்தமிழர் ஒரு பாட்டைக் கேட்டபின் எதனை மனத்திற் கொண்டனர் என்பதற்குத் தொகைநூல்களிலேயே சான்று உளது.

1915ஆம் ஆண்டிலே பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் வெளியிட்ட நற்றிணையையும், 1937ஆம் ஆண்டிலே உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட குறுந்தொகையையும் புரட்டுவோர், இயற்பெயர் அறியப்படாத புலவர் சிலர் தாம் பாடிய பாட்டில் வந்த தொடராலேயே வழங்கப்படுதலைக் காண்பர். இப்பெயர்களை நூல் தொகுத்தோர் இட்டனரோ, முன்னரே அவை வழங்கினவோ, எவ்வாறாயினும் ஆகுக. ஒருவனை மறதியினின்று மீட்டற்கு ஒரு தொடரே கருவியாய் நின்றவிடத்துத் தெரிந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் காட்சிப்பொருள்களே: கயிறு, நுரை, ஏர், தூண்டில், கோழி, குதிரை, அணில். செம்புலப்பெயனீரார் பலராலும் பேசப்பட்டவராதலின் அவரை ஈண்டு விரித்தல் வேண்டா.

நற்றிணை 284ஆம் பாட்டின் ஆசிரியர் தேய்புரிப் பழங்கயிற்றினார். பொருள்வயிற் பிரிந்த தலைவன் இடைச்சுரத்தே நிற்கின்றான். நெஞ்சு மனைக்கு மீள்க என்கின்றது. அறிவு எடுத்த வினையை முடிக்க என்கின்றது. இருபுறமும் களிறுகள் பற்றியிழுக்குங் கயிறுபோலத் தன் உடம்பு அழியுமோ என ஐயுறுகின்றான். கற்போர் பலர் களிறுகளின் வலிமையையே வியந்து அமைவர். நோக்கற்பாலது கயிற்றின் அடையாகும். புதுக்கயிறாயின் சிறிதுபொழுது தாங்கும் என எண்ண இடமுண்டு. 'பழ' என்பது கழிந்த காலத்தைக் காட்ட, 'தேய்புரி' என்பது அக்காலம் கயிற்றிற் செய்த அழிவைக் காட்டுகின்றது. புரி தேய்ந்த கயிறு பார்வைக்கு முழுக்கயிறே. அறுவதோ ஒவ்வொரு புரியாக. துலாக்கொடி பிடித்து நீரிறைத்தவர்க்கு இதனை விளக்கவேண்டா. தலைவனின் மனப்போராட்டம் அன்று தொடங்கியதன்று என்பதும் அவ்வடையாலேயே உய்த்துணரப்படுகின்றது.

குறுந்தொகை 290இற் காணப்படுங் கல்பொரு சிறுநுரையாரும் இத்தகையரே. காமத்தைப் பொறுத்துக்கொள்க என அறிவுரை கூறுவார்க்குத் தலைவி விடையிறுக்கின்றாள். வெள்ளத்தில் அகப்பட்டுக் கல்லிலே மோதும் நுரைபோலத் தான் சிறிது சிறிதாய் அழிந்துபோவதாகக் கூறுகின்றாள். நுரைக்கு எளிதில் வாய்க்கும் அடை வெண்மை. அது கண்ணுக்கு இனியது, இப்பாட்டுக்கோ பயன்படாதது. பெருநுரை எனினும் பயனில்லை. அதன் தேய்வு எளிதிற் கண்ணிற்படாது. 'சிறு' என்றமையால் ஒவ்வொரு மோதலும் அதனிற் குறைப்பது இவ்வளவென்று தெரிகின்றது.

ஓரேருழவனார் பாட்டில் (குறுந்தொகை 131) எண்ணே அடையாய் நிற்கின்றது. நிலத்தில் ஈரம் உலருமுன் உழுதாகவேண்டும், ஏரோ ஒன்று. தலைவியின் ஊர் நெடுந்தொலைவிலுள்ளது. தலைவனது நெஞ்சின் பரபரப்பை அளந்து காட்ட 'ஒன்று' என்பதே போதுமாயிற்று. குப்பைக்கோழியாரின் கோழியும் அவ்வாறே. போருக்கென வளர்த்த கோழியாயின் ஏவுவாரும் விலக்குவாரும் உளர். குப்பையிற் பொருங் கோழிகளுக்கு அவர் எவருமில்லை.

இதற்கு மாறாகப் பதடி வைகலாரையுங் கங்குல் வெள்ளத்தாரையுங் காட்டி, வைகலுங் கங்குலுங் காலப்பெயர்களல்லவோ என வினவலாம். வினா தக்கதே. ஆயினும் தலைவியைப் பிரிந்து கழித்த நாளைப் பதடி எனவே, முறத்திற் புடைத்தெறியும் பதர் கண்முன் வந்து அந்நாளின் வெறுமையைப் புலப்படுத்துகின்றது. கங்குல் வெள்ளம் அத்துணைத் திட்பமுடைத்தன்று. வெள்ளம் எப்பெருக்கத்துக்கும் பொருந்துஞ் சொல்லாதலின், இரவுக்கேயுரிய இயல்பொன்றை அது காட்டவில்லை. பெயர் நிலைத்தது கொண்டு அத்தொடரை ஏனையவற்றோடு ஒப்ப வைத்தல் பொருந்தாது.

அணிலாடு முன்றிலார் பாட்டு (குறுந்தொகை 41) இவ்வாராய்ச்சிக்கு மிகவும் உதவுவது. காதலர் அருகிலிருப்பின் விழாக்கொண்ட ஊர்போல மகிழ்வதாகவும், அவர் நீங்கின் மக்கள் அகன்ற வீடுபோற் பொலிவிழப்பதாகவுந் தலைவி தோழியிடங் கூறுகின்றாள். மகிழ்ச்சியையும் வாட்டத்தையும் நேரே உணர்த்துஞ் சொற்கள் அப்பாட்டில் இல்லாமலில்லை. புலவர் அவற்றையும் பெய்தே பாடினார். பெயரிட்டவரோ அவையனைத்தையுங் கடந்துசென்றார். ஆள் நடமாட்டமுள்ள முற்றத்தில் அணில் இறங்கினாலும் நெடும்பொழுது நில்லாது. காலடி கேட்டதும் மரமேறிவிடும். இம்முன்றிலிலோ அது அச்சமின்றி ஆடிக்கொண்டிருக்கின்றது.