அந்த வலது முழங்கையை விட்டுவிடுங்கள்

எங்கள் வடுகபட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றபடி ஏர் ரைபிள் சுடுகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: வலது முழங்கை தொங்குகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, நிற்பதில் மிடுக்கே இல்லை. பூண்டுச் சந்தை டீக்கடை வரைக்கும் இதே பேச்சு. பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளை என்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் நான் அவள் கட்சி. அவள் நிற்பதுதான் சரி. குறை சொல்கிறவர்கள் தவறான கையைப் பார்க்கிறார்கள்.

“முழங்கையத் தூக்கு தாயி” என்று ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் அக்கறையோடு சொன்னதை நானே கேட்டேன். “சரிங்கய்யா” என்று தூக்கிப் பார்த்தாள். அடுத்த ஷாட்டுக்குக் கை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. பாயிண்ட் 303 ரைபிளோடு பழகியவர் அவர். அது தோளை உதைக்கும். முழங்கையை உயர்த்தினால் தோளில் ஒரு குழி விழும், துப்பாக்கிக் கட்டை நழுவாமல் அதில் உட்காரும். 10 மீட்டர் ஏர் ரைபிளில் உதை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. தோளைக் கவ்வுகிற மாதிரி வளைந்த பட் பிளேட்டும் இருக்கிறது. குழிக்கு அங்கே என்ன வேலை? வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் பலூன் சுடும் பையன்கள் முழங்கையை விரித்து நிற்பதும் அந்தப் பழைய பாடத்தின் மிச்சம்தான். பலூனுக்கு அது போதும். ஏர் ரைபிள் இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். அதில் போய் விழவேண்டிய குண்டே 4.5 மில்லிமீட்டர்.

இடது கைக்கு வருவோம். ஆட்டம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். நின்று சுடும்போது கையில் வார் மாட்டித் தாங்கக் கூடாது. விதி தரும் பெரிய சலுகை ஒன்றுதான்: இடது மேற்கையையும் முழங்கையையும் மார்பிலோ இடுப்பிலோ ஊன்றிக்கொள்ளலாம். இந்தப் பெண் அதை முழுசாக வாங்கிக்கொள்கிறாள். இடுப்பெலும்பின் மேல் முழங்கை, அதற்கு நேர் மேலே ரைபிள், நடுவில் முன்கை பந்தல் காலைப் போல நிமிர்ந்து நிற்கிறது. எடை எலும்பு வழியாகவே இறங்குவதால் தசைக்கு வேலை குறைவு. கை கொஞ்சம் குட்டை என்பதால் உள்ளங்கையில் ஏந்தாமல் மூடிய முஷ்டியின் மேல் ரைபிளை வைக்கிறாள். முழங்கை இடுப்பை விட்டு நகராமலே துப்பாக்கி கண் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பின்னால் சாய்வதைச் சோம்பல் என்கிறார்களே, முன்னால் நீண்டிருக்கிற அந்த எடைக்கு ஈடு கட்டத்தான் அவள் சாய்கிறாள்.

வலது கைக்கு உள்ள வேலை பிடியை மெல்லப் பிடிப்பதும் டிரிகரை அழுத்துவதும்தான். தூக்கி வைத்த முழங்கையைத் தோள் தசைதான் தாங்கவேண்டும். 60 ஷாட், 75 நிமிடம். முதல் இருபதில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதன்பிறகு முழங்கை விரற்கடை விரற்கடையாக இறங்கும். கூடவே ரைபிள் பக்கவாட்டில் சரியும், தோளில் கட்டை பதியும் இடம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். சுடுகிறவரோ சைட்டில்தான் கோளாறு என்று அதைத் திருகிக்கொண்டிருப்பார். கீழே இருக்கிற முழங்கைக்கு விழ இடமில்லை. இதற்காக எல்லாரும் கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். தோள் தளர்ந்து நிற்கிற உயரம் ஆளுக்கு ஆள் வேறு. அறுபது முறையும் அதே உயரத்துக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அவளிடம் ரொம்பப் பிடித்தது அவள் சுடாமல் விடுகிற ஷாட்கள். எட்டுப் பத்து விநாடிக்குள் குறி அடங்காவிட்டால் ரைபிளை இறக்கிவிடுகிறாள். “பயப்படுது பிள்ளை” என்கிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அதற்கு மேலும் நின்றால் பார்வை மங்கும், குறி அலைவது கூடும். அந்த நேரத்தில் டிரிகரை இழுப்பதில் என்ன துணிச்சல்? மறுபடி தூக்கும்போது முதலில் இடது முழங்கையை ஊன்றுகிறாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறக்கிறாள். ரைபிள் தானாக இலக்கைப் பார்க்கவில்லை என்றால் கையால் தள்ளாமல் பாதத்தை நகர்த்துகிறாள். இந்த வயதில் இந்தப் பொறுமை இருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் நாட்டுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வந்தது 2008 பெய்ஜிங்கில், முழுக்க நின்றே சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில். 2012 லண்டன் வெண்கலமும் அதே போட்டியில்தான். 2024 பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வந்த வெண்கலமும் முடிவானது நின்று சுடும் நிலையில். மண்டியிட்டு, படுத்து, கடைசியாக நின்று என்பது அந்த இறுதிச் சுற்றின் வரிசை. முதல் இரண்டில் பின்தங்கியவரும் மூன்றாவதில் ஏறி வரலாம்.

ஆகவே என் கணிப்பு இது. ஏர் ரைபிள் இறுதிச் சுற்றில் ஒவ்வொன்றாகச் சுடும் கட்டத்தில் ஒரு ஷாட்டுக்கு 50 விநாடி. மற்றவர்கள் அவசரப்படும் அந்த நேரத்தில் இவளுக்கு ஒருமுறை இறக்கித் தூக்கவும் அவகாசம் இருக்கும். தகுதிச் சுற்றில் எட்டாவதாக நுழைந்தாலும் முதல் மூன்றில் முடிப்பாள். இரண்டு வருடத்துக்குள் மாநில அணிப் பேச்சில் அவள் பெயர் வரும். ரைபிள் எடை 8 கிலோ வரை போகக்கூடிய 50 மீட்டருக்கு மாறினால் எலும்பில் நிற்கத் தெரிந்த இவளுக்குத்தான் லாபம் அதிகம். 2028 லாஸ் ஏஞ்சலஸில் நமக்கு ரைபிள் பதக்கம் வந்தால், அதை வாங்கித் தருவது இறுக்கி நிற்கும் தோளாக இருக்காது, இடுப்பில் ஊன்றிய இடது முழங்கையாகத்தான் இருக்கும்.

எனக்குள்ள ஒரே கவலை அவள் முதுகு. பின்சாய்வும் இடுப்புத் திருப்பமும் சேர்ந்து கீழ் முதுகில்தான் பாரத்தை ஏற்றும். வளரும் வயதில் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் தினசரிப் பயிற்சி இல்லாமல் மணிக்கணக்கில் இப்படி நிற்கக் கூடாது. பயிற்சி தருகிற ஆசிரியர்களே, என்.சி.சி. அண்ணன்மார்களே, அவள் முழங்கையை விட்டுவிட்டு முதுகைக் கவனியுங்கள். அடுத்த போட்டிக்குப் போகிறவர்கள் ஐம்பதாவது ஷாட்டுக்குப் பிறகு வரிசையில் நிற்கும் எல்லாருடைய வலது முழங்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.