ஆந்தைக்கு ஒரு வாசல்

நெதர்லாந்தின் வடக்கே பிரீஸ்லாந்து என்று ஒரு மாகாணம். அங்குள்ள பழைய பண்ணை வீடுகளின் படங்களைச் சில நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒரு வகைக்குத் 'தலை-கழுத்து-உடல்' என்றே பெயர். குடும்பம் வாழும் முன்வீடு தலை. மாடுகளும் உலர்புல்லும் இருக்கும் பெரிய கொட்டகை உடல். இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய கட்டு கழுத்து. தலையைவிட உடல் பல மடங்கு பெரிது. சோறு போடுவது மாடு; ஆகவே பெரிய கூரையும் அதற்கே. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கொட்டகைக் கூரையின் உச்சியில் 'ஆந்தைப் பலகை' இருக்கும். அதன்மேல் செதுக்கிய அன்னங்கள். வெறும் அலங்காரம் என்று முதலில் நினைத்தேன். பலகையில் ஒரு துவாரம் இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். அதன் வழியே ஆந்தை உள்ளே போய் எலி பிடிக்கும். வேலைக்கு ஒரு துவாரம். அந்த வேலைக்கு மரியாதையாக அன்னம்.

இன்று மாடுகள் நவீனக் கொட்டில்களுக்குப் போய்விட்டன. பழைய பண்ணைகள் பல வெறும் குடியிருப்புகளாகிவிட்டன. அன்னத்துக்குப் புதுச் சாயம் பூசிவிட்டுத் துவாரத்தை அடைத்துவிட்டால், மிஞ்சுவது வீட்டின் படம்தான்; வீடு அல்ல. அதற்காகக் குளிரில் நடுங்குங்கள் என்று யாரையும் நான் சொல்லவில்லை. துவாரத்துக்குப் பின்னால் ஆந்தைக்கு ஒரு கூட்டுப் பெட்டி வைத்தால் போதும்.

என் நாவல்களில் உள்ள வர்ணனைகளையும் எண்ணிப் பார்த்தேன். அன்னங்கள் நிறைய இருக்கின்றன. துவாரங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.