பூச்சுக்கு அடியில்

பழைய பொருள்களைப் பழுது பார்க்கும் தொழிலாளிகளுக்கெல்லாம் பொதுவான புகார் ஒன்று உண்டு. காலம் செய்த சேதத்தைச் சரிசெய்து விடலாம். முன்னால் வைத்திருந்தவர் செய்த 'ரிப்பேரை'ச் சரிசெய்வதுதான் கஷ்டம் என்பார்கள். பாட்டனார் காலத்துத் துப்பாக்கியில் துரு ஏறியிருந்தால் எண்ணெயும் பொறுமையும் போதும். ஆனால் யாரோ ஒரு உற்சாகசாலி உப்புத்தாளால் தேய்த்துக் குழலின் மேலிருந்த முத்திரையை அழித்துவிட்டு, கட்டைக்குப் பளபளவென்று வார்னிஷ் பூசி, அளவு பொருந்தாத திருகாணியை அடித்து இறக்கியிருந்தால், அப்புறம் எந்தக் கைகாரனாலும் அதைப் பழைய துப்பாக்கி ஆக்க முடியாது.

கலை விஷயத்தில் இந்தப் புகாரை வைத்துப் பார்ப்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதன் பெருமையில் சிதம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தோன்றியது 1929-ல். இரண்டு வருஷம் கழித்து, 1931-ல், அங்கே சரித்திரம் போதித்த எஸ். கே. கோவிந்தசாமி பெரிய கோயிலின் கர்ப்பக்கிருகத்தைச் சுற்றியுள்ள இருட்டு நடைக்குள் போனார். இரண்டு பெருஞ்சுவர்களுக்கு இடையே உள்ள வழி அது. சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. சில இடங்களில் அந்தக் காரை பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் வெறும் கல் தெரியவில்லை. வேறு ஓர் ஓவியம் தெரிந்தது. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலின் சோழர் ஓவியம் சுமார் 300 வருஷம் இன்னொருவருடைய ஓவியத்துக்கு அடியில் மூடிக் கிடந்திருக்கிறது!

அந்த ஓவியங்களைப் பார்த்தால் கதை எழுதுகிறவனுக்குப் பொறாமை உண்டாகும். சுந்தரர் கல்யாணத்தைத் தடுத்தாட்கொண்ட கதை ஒரு சுவரில் இருக்கிறது. நடந்த இடம் நம் கடலூர்ப் பக்கத்துப் புத்தூர். இன்றும் அதை மணம்தவிர்ந்த புத்தூர் என்கிறார்கள். குடையும் கையில் ஓலையுமாகக் கிழவர் நிற்கிறார். 'நீ எனக்கு அடிமை' என்று எழுதிய ஓலை. சபையில் இருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். கிழவருக்குப் பைத்தியமோ என்ற சந்தேகம் ஒரு முகத்தில். ஓலை நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை இன்னொரு முகத்தில். கிழவரின் முகத்திலோ வழக்கில் ஜயிக்கப் போகிறோம் என்று தெரிந்தவரின் நிதானம். பத்துப் பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை ஒரு புருவக் கோட்டில் சொல்லிவிட்டான் அந்தச் சித்திரக்காரன். இன்னொரு சுவரில் தில்லைப் பொன்னம்பலமே இருக்கிறது. நடராஜரை அரசன் ஒருவன் தன் தேவிமார்களுடன் வணங்குகிறான். ராஜராஜன்தான் என்று பலரும் சொல்கிறார்கள்.

மேலே எழுதியவர்கள் கற்றுக்குட்டிகளா? அல்ல. நாயக்கர் காலத்துச் சித்திரக்காரர்களும் தொழில் தெரிந்தவர்களே. சோழர் ஓவியம் கோட்டை நம்பி நிற்பது. நாயக்கர் ஓவியம் நிறத்தையும் ஆடை அணிகளையும் நம்பி நிற்பது. எனக்கு முன்னதுதான் உயர்வு. ஆனால் பின்னதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பழைய சுவர் பொலிவிழந்தது, ஸ்வாமி சந்நிதி அழகாக இருக்க வேண்டும் என்று பக்தியோடு செய்த காரியமாகத்தான் அது இருக்கும். நோக்கத்தில் குற்றமில்லை. தனக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்பதை மறந்ததுதான் குற்றம்.

இந்த மறதி படித்தவர்களுக்கும் வரும். 1920-ம் வருஷத்தையொட்டி ஹைதராபாத் நிஜாம் அரசாங்கம் அஜந்தா ஓவியங்களைப் பாதுகாக்க இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த காரையை அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கூடவே ஓவியங்களின் மேல் அரக்கு வார்னிஷும் பூசினார்கள். முதலில் நிறங்கள் பளிச்சென்று எழுந்தன. வருஷம் செல்லச் செல்ல வார்னிஷ் பழுத்து மஞ்சளாகி, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு வெடித்தது. அதை எடுப்பது பின்வந்த ரசாயன நிபுணர்களுக்குத் தலைமுறை வேலை ஆயிற்று. ஸ்பெயினில் போர்ஹா என்ற ஊரில், 2012-ல், கிறிஸ்துவின் சுவரோவியம் ஒன்றை மூதாட்டி ஒருவர் பக்தியோடு திருத்தப் போய் உலகமே சிரித்தது. அஜந்தாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நிபுணர் செய்த தவறு கௌரவமாகவே இருந்துவிடுகிறது.

தஞ்சைக்கு வருவோம். சோழர் ஓவியத்தை மீட்க வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிய வேண்டுமா? எறிந்தால் நாமும் அதே மறதிக்கு ஆளாகிறோம். முந்நூறு வருஷம் கழித்து நம் பெயரும் குற்றவாளிகளின் ஜாபிதாவில் சேரும். தொல்பொருள் துறையின் ரசாயனப் பிரிவினர் பின்னாளில் கண்ட வழி அழகானது. மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைக் காரையோடு பத்திரமாகப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தார்கள். கீழே இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. மேலே இருந்ததும் பிழைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளக்குப் புகையையும் மனிதக் கைகளையும் அத்தனை காலம் தாங்கிக்கொண்டது அந்த மேல் பூச்சுதான். அதற்கும் மரியாதை செய்யத்தான் வேண்டும்.

ஏட்டுக்கும் இதே நியாயம்தான். பிரதி எழுதியவர்கள் புரியாத சொல்லைப் புரிகிற சொல்லாக மாற்றினார்கள். விட்டுப் போன அடியைச் சொந்தமாகப் பாடிச் சேர்த்தார்கள். 1887-ல் சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் காட்டிப் பதிப்பிக்கும் வழியை நமக்குப் பழக்கினார். தாம் கொண்ட பாடம் தவறென்றால் அடுத்தவன் திருத்திக்கொள்ள வழி வைத்தார் என்று அர்த்தம். பழைய நாவல்களை மறுபதிப்புப் போடுகிறவர்கள், 'இன்றைய வாசகருக்காக' என்று வட்டாரச் சொற்களை உருவிவிட்டுப் பத்திரிகைத் தமிழைப் புகுத்தும்போது, அவர் ஞாபகம் எனக்கு வருகிறது.

ஆகவே பழுது பார்ப்பதற்கு நான் கேட்பது மூன்றே விதிகள். குறைந்த அளவு தொடு. நீ செய்தது புதிது என்று தெரியும்படி செய். நாளை வேண்டாம் என்றால் எடுத்துவிடக் கூடியதாகச் செய்.

'கோயில் என்ன மியூசியமா? வழிபாடு நடக்கிற இடம் புதுப்பொலிவோடு இருக்க வேண்டாமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஒழுகும் தளத்தை அடையுங்கள். சுவரில் ஊறும் தண்ணீர்தான் ஓவியத்துக்கு முதல் எமன். செடி முளைத்த கோபுரத்தைச் சுத்தம் செய்யுங்கள். அதெல்லாம் திருப்பணி. ஆனால் கல்வெட்டின் எழுத்து மழுங்கும்படி மணலைப் பீய்ச்சித் தூணைத் தேய்ப்பதும், மங்கின ஓவியத்தின் மேல் எனாமல் வர்ணம் பூசுவதும் எந்தக் கணக்கில் சேரும்? உதிர்ந்து போன முகத்துக்கு நாம் புது முகம் வரைய வேண்டாம். அந்த இடத்தைச் சுவரின் நிறத்திலேயே அடக்கமாக விட்டுவிட்டால் போதும். பார்க்கிறவனுக்கு மிச்சத்தைக் கற்பனை செய்யத் தெரியும்.

தஞ்சையின் அந்த நடைக்குள் சாதாரணமாக யாரையும் விடுவதில்லை. ஆனால் சிதம்பரத்தில் சிவகாமியம்மன் சந்நிதியின் முன்மண்டபத்துக்குப் போகத் தடையில்லை. தரிசனம் முடிந்ததும் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் பிட்சாடனரும் மோகினியும் தாருகாவனத்துக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அது நாயக்கர் காலத்து வேலைதான். தஞ்சையில் மேலே பூசியவர்களின் உறவுமுறை. இங்கே அதற்கு அடியில் எதையும் தேட வேண்டியதில்லை, அதுவே பழமை. நிறம் மங்கியிருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அதைப் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்று யாராவது வர்ண டப்பாவோடு வந்தால் மட்டும், தயவுசெய்து நன்கொடை கொடுக்காதீர்கள்.