ஐந்து நிலைகளும் திண்ணைப் பேச்சும்

எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையார் எழுதிய 'மரணத்தையும் மரித்தலையும் குறித்து' என்னும் நூல் 1969இல் வெளிவந்தது. மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என அவர் கூறிய ஐந்து நிலைகளை ஆயர்பணி வகுப்பில் நாமும் பல்லாண்டு கற்பித்து வந்துள்ளோம். தேர்வுத் தாளில் மாணவர் அவற்றை வரிசை தவறாது எழுதுவர். புற்றுநோயாளியின் கட்டிலருகே அவ்வரிசை அவர்களுக்கு எவ்வளவு உதவிற்று என நாம் கேட்டதில்லை.

அந்நூல் பிறந்த விதம் இறையியல் மாணவர் அறியவேண்டியது. 1965இல் சிகாகோ இறையியல் கல்லூரி மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளை ஆராய உதவி வேண்டி அம்மையாரை நாடினர். மரிக்கும் நிலையில் இருப்போரையே ஆசிரியராகக் கொள்வது என முடிவாயிற்று. இருநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளோடு நிகழ்ந்த உரையாடல்களே நூலின் உயிர். (அதிகார முகப்புகளில் தாகூரின் வரிகள் நிற்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோமோ!) ஐந்து நிலைகள் அவ்வுரையாடல்களைக் கோத்த சரடு. நாமோ மணிகளை விட்டுச் சரட்டைப் பிடித்துக்கொண்டோம். கலைந்த உணர்ச்சிகளை ஒழுங்கான பொட்டலங்களாகக் கட்டுவது தம் நோக்கமன்று என, டேவிட் கெஸ்லருடன் எழுதி, தம் மறைவுக்குப்பின் 2005இல் வெளியான நூலில் அம்மையாரே விளக்க நேர்ந்தது.

நூலின்மேல் நாம் காணும் குறை வேறொன்று. குடும்பத்தாருக்கென அதில் ஓர் அதிகாரம் உண்டு. எனினும் உரையாடலின் நடுவே இருப்போர் நோயாளியும் கேட்பவருமே. நம் ஊர்களில் நோயாளியைத் தனியே காண்பதே அரிது.

திருக்கோஷ்டியூரில் ஒரு வீட்டிற்கு நாம் சென்றபோது, மகள் நம்மைத் திண்ணையிலேயே நிறுத்தினார். "ஐயா, அம்மாகிட்ட வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க" என்றார். உள்ளே சென்றோம். மகள் காப்பி எடுக்கப் போன இடைவெளியில் தாயார் தாழ்ந்த குரலில், "எனக்குத் தெரியும் ஐயா. பிள்ள தாங்க மாட்டா, அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். இதில் எந்த நிலையை நாம் குறிப்பது? மறுப்பு என்று எழுதினால் அது பிழை. அங்கிருந்தது அன்பு, அந்த அன்பே இருவரையும் தனிமைப்படுத்தியிருந்தது.

கிளேசர், ஸ்ட்ராஸ் எனும் சமூகவியலாளர் இருவர் 1965இல் வெளியிட்ட ஆய்வு, இருதரப்பும் அறிந்தும் அறியாததுபோல் நடிக்கும் இந்நிலையைத் தனியே பிரித்துக் காட்டியது. நம் வகுப்பறையில் முதலிடம் பெறவேண்டியது அந்நூலே என்பது நம் துணிபு.

அவ்வூரில் வேறொரு மறைபொருளின் கதை உண்டு. இராமாநுசர் பதினெட்டு முறை நடந்துவந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் பொருளைப் பெற்றார் என்றும், பிறர்க்குச் சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையை மீறிக் கோயிலின் மேலேறி யாவர்க்கும் அறிவித்தார் என்றும் வைணவ மரபு கூறும். உண்மையை எவ்விலை கொடுத்தும் உடைத்துச் சொல்க என இதிலிருந்து நம் இளம் போதகர் சிலர் முடிவுகட்டலாம். அதை நாம் ஏற்கோம். பதினெட்டு முறை கேட்டவருக்கே அங்கே சொல்லப்பட்டது. நோயாளியும் கேட்கிறார், "இன்னும் எத்தனை தடவை மதுரைக்குப் போகணும்?" என்பதும் ஒரு கேள்விதான். "கர்த்தர் சுகமாக்குவார்" என்று விரைந்து கூறிக் கதவை அடைப்பவர் பெரும்பாலும் நாமே. யோபுவின் நண்பர்கள் பேசாதிருந்த ஏழு நாட்களில் (யோபு 2:13) செய்த பணி, பின்னர் பேசிய பேச்சில் கெட்டது.

இது வெறும் நயமன்று. கென்னத் பார்கமென்ட் போன்றோர் சமய நம்பிக்கை துன்பத்தைத் தாங்கும் விதத்தை அளந்தனர். இறைவன் தண்டித்தார், கைவிட்டார் என்னும் எண்ணத்தில் உழலும் நோயாளியின் மனநலமும் வாழ்க்கைத் தரமும் தாழ்ந்திருத்தல் பல ஆய்வுகளில் தென்பட்டது. அவ்வெண்ணத்தை விதைப்பதில் நம் பிரசங்கங்களுக்குப் பங்கு உண்டா என்ற வினா கூப்ளர்-ராஸ் வரிசையில் எழுவதேயில்லை.

அத்தாயார் பின்னர் வீட்டிலேயே திருவிருந்து கேட்டார். அது முடிந்ததும், அப்பமும் கிண்ணமும் மேசைமேல் இருக்கையிலேயே, மகளிடம் தாமே சொன்னார். மகள் நெடுநேரம் அழுதார். அதன்பின் இருவரும் பேசியது பெரும்பாலும் கறவை மாட்டை யாரிடம் விடுவது என்பதைப் பற்றியே.