உருமாற்றமா, மீட்டமைப்பா? தொலைக்காட்சி வளர்த்த பழைய கார் ரசனை

துருவேறிய பழைய கார் ஒன்றைப் பட்டறைக்குள் கொண்டுசென்று, சில நாள்களிலேயே கண்ணைப் பறிக்கும் புதுக்கோலத்துடன் உரிமையாளர் முன் நிறுத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. பிரிட்டனில் 2003-இல் தொடங்கிய ‘வீலர் டீலர்ஸ்’, அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய ‘ஓவர்ஹாலின்’, அதே ஆண்டில் எம்.டி.வி. தொடங்கி 2007 வரை ஒளிபரப்பிய ‘பிம்ப் மை ரைட்’, 2013-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் அலைவரிசையில் வந்த ‘கார் எஸ்.ஓ.எஸ்.’ ஆகியவை இவ்வகையின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். கேபிள் தொலைக்காட்சி வழியாகவும், பின்னர் கைபேசி வழியாகவும் சென்னை வீடுகளுக்குள் நுழைந்த இந்நிகழ்ச்சிகள், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் பழைய வீட்டு முகப்புகளில் உறை போர்த்தி நிற்கும் அம்பாசடர்களையும் ஃபியட்டுகளையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளையும் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தாமே ஒரு விடையைச் சொல்லிவருகின்றன. அந்த விடையின் நிறைகளையும் குறைகளையும் சென்னையின் மோட்டார் வரலாற்றோடு வைத்து எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய காரை அணுகும் வழிகள் மூன்று. இருக்கும் நிலை மேலும் சிதையாமல் காப்பது பேணல். சிதைந்தவற்றைச் சீராக்கி, வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த காலத்து நிலைக்குக் கொண்டுவருவது மீட்டமைப்பு. உரிமையாளரின் விருப்பத்துக்கேற்பப் பொறி, உடல், இருக்கை, வண்ணம் ஆகியவற்றை மாற்றியமைப்பது உருமாற்றம். புறத்தோற்றத்தைப் பழையபடியே வைத்துக்கொண்டு உள்ளே இன்றைய பொறியையும் பிரேக்கையும் பொருத்தும் கலப்பு முறையும் உண்டு. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பாகிய ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு பழமையும், வரலாற்றுக்கு உண்மையான நிலையும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமையும் உடையதையே வரலாற்று வாகனம் என ஏற்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் முதன்மையான குழப்பம், பேணல், மீட்டமைப்பு, உருமாற்றம் ஆகிய மூன்றையும் ‘புதுப்பித்தல்’ என்னும் ஒரே பெயரின்கீழ் அடக்கிவிடுவதில் தொடங்குகிறது.

இந்நிகழ்ச்சிகளின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டறைச் சுவருக்குள் மறைந்திருந்த உழைப்பை அவை பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தன. ‘வீலர் டீலர்ஸ்’ நிகழ்ச்சியில் மெக்கானிக்காகத் தோன்றிய எட் சைனா, ஒரு பொறியின் பழுதை எவ்வாறு கண்டறிவது, எந்த உறுப்பை ஏன் கழற்றுகிறோம், அதன் விலை என்ன என்பவற்றைப் பொறுமையாக விளக்கியதால், அது பொழுதுபோக்கைக் கடந்து ஒரு தொழிற்பாடமாகவும் அமைந்தது. அவர் 2017-இல் விலகியபோது, பட்டறைக் காட்சிகளைச் சுருக்கித் தரத்தைக் குறைக்கத் தயாரிப்புத் தரப்பு விரும்பியதையே காரணமாகக் கூறினார். ‘கார் எஸ்.ஓ.எஸ்.’ நோயினாலோ வறுமையினாலோ தம் வண்டியைச் சீராக்க இயலாமற்போனவர்களைத் தேடிச் சென்று, ஒரு கார் என்பது ஒரு குடும்பத்தின் நினைவுகளையும் சுமக்கும் பொருள் என்பதை உணர்த்தியது. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள் பல இத்தகைய நிகழ்ச்சிகள் தூண்டிய ஆர்வத்தால் பிழைத்தன என்பதையும், டிங்கரிங், குஷன் வேலை, லேத் வேலை ஆகியவை கைத்திறன் மிக்க கலைகள் என்ற மதிப்பு நடுத்தர வகுப்பினரிடையே ஓரளவு உருவாயிற்று என்பதையும் மறுக்க இயலாது.

ஆயினும் இந்நன்மைகளுக்கு ஈடாக அவை பரப்பிய பிழையான எண்ணங்கள் கனமானவை. முதலாவது, காலத்தையும் கூலியையும் மறைப்பது. ‘ஓவர்ஹாலின்’ நிகழ்ச்சியில் ஒரு பெருங்குழு இரவுபகலாக உழைத்து ஒரு வாரத்தில் காரை முடித்துக் கொடுக்கிறது. ‘வீலர் டீலர்ஸ்’ இறுதியில் காட்டும் லாபக் கணக்கில் மெக்கானிக்கின் உழைப்புக்கான கூலி சேர்க்கப்படுவதேயில்லை. உண்மையான மீட்டமைப்பு, உதிரிபாகம் கிடைக்கும் வரை காத்திருப்பதும், கிடைக்காததை லேத்தில் கடைந்து செய்விப்பதும், புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு கைப்பிடியையோ விளக்கு வளையத்தையோ தேடி அலைவதும் ஆகும். இதைக் காட்டாத நிகழ்ச்சியைப் பார்த்துப் பழகியவர், ஆறு மாதம் கேட்கும் நேர்மையான பட்டறைக்காரரை ஐயுறவும், ஒரு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்பவரை நம்பவும் தலைப்படுகிறார்.

இரண்டாவது, மேற்பூச்சை உள்ளீட்டுக்கு மேலாக வைப்பது. ‘பிம்ப் மை ரைட்’ நிகழ்ச்சி கார்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பொருத்திப் பெயர் பெற்றது. பங்கேற்றவர்கள் சிலரோ, படப்பிடிப்பு முடிந்ததும் சில பொருள்கள் கழற்றப்பட்டன என்றும், பொறியின் பழுது அப்படியே இருந்தது என்றும் பிற்காலத்தில் நேர்காணல்களில் தெரிவித்தனர். இந்தப் போக்கின் ஆபத்து கடலோர நகரமான சென்னையில் இன்னும் கூடுதல். அம்பாசடருக்கும் ஃபியட் 1100-க்கும் தனிச் சட்டகம் கிடையாது. வண்டியின் தகட்டு உடலே பாரத்தைத் தாங்கும் எலும்புக்கூடாகவும் அமைந்துள்ளது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதிகளில் மழைநீரும் உப்புக்காற்றும் சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வண்ணத்தில் சிறு கொப்புளம் மட்டுமே தெரியும். அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைக்காமல், பட்டி பூசித் தேய்த்துப் பளபளப்பாக வண்ணம் அடித்தால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் மோதல் நேரும்போது அந்தப் பகுதி பயணியைக் காக்காது.

மூன்றாவது, ரசனையை ஒரே அச்சில் வார்ப்பது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த காண்டஸா, பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரை அடியொற்றியது. அமைதியான பெரிய குடும்பக் கார் என்பதே அதன் இயல்பு. அதன் நீண்ட முன்பகுதி அமெரிக்கப் படங்களின் கார்களை நினைவூட்டுகிறது என்ற ஒரே காரணத்தால், அதற்குக் கறுப்பு வண்ணமும், அகன்ற சக்கரங்களும், பானெட்டின் மேல் காற்றுத் துளையும் வைப்பது வழக்கமாகிவிட்டது. அம்பாசடரில் ஸ்டியரிங் தண்டோடு இணைந்திருந்த கியர் கம்பியையும், மூவர் அமரக்கூடிய முன் இருக்கையையும் எடுத்துவிட்டு, தரையிலிருந்து எழும் கியரையும் தனித்தனி இருக்கைகளையும் பொருத்துவதும் பரவலானது. அண்ணா சாலையை அடுத்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இவற்றுக்கான பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. விளைவாக, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நுணுக்கங்களோடு வெளிவந்த கார்கள் யாவும் ஒரே முகம் கொள்கின்றன. அம்பாசடரின் மார்க் 1, மார்க் 2, மார்க் 3 என்ற வேறுபாடுகளை அறிந்துகொள்ள வழியில்லாமற்போகிறது.

இத்தனை குறைகள் கூறப்பட்டாலும், உருமாற்றம் அடிப்படையிலேயே தவறானது என்று முடிவுகட்டுவதைச் சென்னையின் வரலாறு அனுமதிக்காது. 1840-இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகளைக் கட்டிப் பெயர்பெற்ற பின்னரே மோட்டார் துறைக்கு வந்தது. அதைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் சென்னையிலேயே ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். அக்காலத்தில் பொறியும் சட்டகமும் மட்டும் வெளிநாட்டிலிருந்து வர, உடலை உள்ளூரிலேயே வாங்குபவர் விரும்பியபடி கட்டிக்கொள்வது இயல்பாக இருந்தது. ஆகவே, அக்காலக் கார்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலை நிலை என்று ஒன்றே கிடையாது. அதுபோலவே, பெட்ரோல் விலைக்கு அஞ்சி டீசல் பொறி ஏற்றப்பட்ட அம்பாசடர் தமிழ்நாட்டுக் குடும்பங்களின், வாடகை வண்டிகளின் பொருளாதார வரலாற்றைச் சொல்லும் சான்று. இருக்கைப் பட்டை, நல்ல பிரேக், ஒளிமிக்க விளக்கு ஆகியவற்றைச் சேர்ப்பது உயிர்காக்கும் மாற்றம். தேவையிலிருந்து பிறந்த மாற்றத்தையும் காட்சிக்காகச் செய்த மாற்றத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

மீட்டமைப்பும் குறையற்றதன்று. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதுகூட இராத பளபளப்பை ஏற்றும் மிகைமீட்டமைப்பு, தூய்மைவாதிகளிடையே காணப்படும் பிழை. அறுபது ஆண்டு பழமையான இருக்கைத் துணியும், ஓட்டுநரின் கை பட்டு வழவழப்பான ஸ்டியரிங் வளையமும், சற்று மங்கிய முதல் வண்ணமும் வேறெங்கும் கிடைக்காத சான்றுகள்; அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வது அழிப்பேயாகும். தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளில் கல்லைத் தூய்மையாக்கக் கையாளப்பட்ட மணல் வீச்சு முறை, கல்வெட்டு எழுத்துகளையும் சிற்ப நுணுக்கங்களையும் மழுங்கடித்ததால் தடைசெய்யப்பட்டது. அதே மணல் வீச்சை அளவறியாமல் காரின் மெல்லிய தகட்டின்மேல் செலுத்தினால் தகடு நெளிந்துவிடுகிறது. புதுமை தோன்ற வேண்டும் என்ற அவசரம் பழமையின் சான்றை அழிக்கிறது என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

இந்த இருபக்க ஆபத்தையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தெளிவாகக் காட்டுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், நகரின் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் இருந்த தன் தொழிற்சாலையிலிருந்து 1961-இல் அதை வெளியிட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த பிரிட்டானிய டிரையம்ஃப் ஹெரால்டே அதன் மூலம். தனிச் சட்டகத்தின்மேல் உடற்பகுதிகள் போல்ட்டால் முடுக்கப்பட்டவை. முன்புற பானெட்டும் இரு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். இவ்வமைப்பால் அது மீட்டமைப்புக்கு எளிது; கூரையைக் கழற்றித் திறந்த காராக உருமாற்றவும் எளிது. ஆனால் இந்திய நிறுவனம் பின்னர் நான்கு கதவுகளுடன் ஒரு வடிவத்தை உருவாக்கியது. அது பிரிட்டனில் இருந்ததே இல்லை. அதன் கூரையை நீக்குபவர் சென்னையில் மட்டும் பிறந்த ஒரு வடிவத்தை அழிக்கிறார். பிரிட்டனிலிருந்து உதிரிபாகமும் டிரையம்ஃப் பெயர்ப்பட்டையும் தருவித்து மீட்டமைப்பவரும், வேறு வழியில், அதே அழிவையே செய்கிறார். 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றுபோன அந்நிறுவனத்தின் தொழில் வரலாற்றுக்கு, எஞ்சியிருக்கும் கார்களே முதன்மைச் சான்றுகள்.

சட்டத்தின் நிலைப்பாடும் இங்கு நோக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டகமும் உடலும் பொறியும் பெரிதும் மாற்றப்படாமல் மூல நிலையில் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளுடன் கூடிய தனிப் பதிவெண்ணை, 20,000 ரூபாய்க் கட்டணத்தில் வழங்குகின்றன. மூல நிலைக்கு அரசு மதிப்பளித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் 50 ஆண்டு என்ற வரம்பு, ஃபிவா கூறும் 30 ஆண்டுக்கு வெகு அப்பால் நிற்கிறது. 1980-களின் காண்டஸாவும், ஃபியட் 1100-இன் வழிவந்த பத்மினியும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே இருக்கின்றன. அதேவேளையில் 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. விலை குறைவாகவும் சட்ட மதிப்பு இல்லாமலும் இருக்கும் இந்த இடைக்காலக் கார்களே உருமாற்றத்துக்கும் உடைப்புக்கும் முதலில் இரையாகின்றன.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், ஒரு மாற்றத்தின் தகுதியை அளக்க மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. செய்த மாற்றத்தை நாளை நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்ப இயலுமா என்பது முதலாவது; போல்ட்டில் பொருத்தியதை நீக்கலாம், வெட்டியெடுத்ததை மீட்பது அரிது. அந்த வண்டியின் வகை எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது இரண்டாவது. 2014 வரை உற்பத்தியான அம்பாசடரின் பிந்தைய வடிவங்களில் காட்டும் துணிவை, நான்கு கதவு ஹெரால்டிடம் காட்டக் கூடாது. செய்தவை அனைத்தும் மறைக்கப்படாமல் பதிவு செய்யப்பட்டுள்ளனவா என்பது மூன்றாவது. இவ்வளவுகோல்களின்படி பேணலுக்கு முதலிடமும், சிதைந்தவற்றுக்கு அளவான மீட்டமைப்பும், ஏற்கெனவே மூல உறுப்புகளை இழந்து வெறுங்கூடாகிவிட்ட வண்டிகளுக்கு உருமாற்றமும் உரியவை. தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதே அவற்றின் தலையாய குறை. கைத்தொழிலை மதிக்கக் கற்றுக்கொடுத்தது அவற்றின் தலையாய நிறை.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளும், வடபழனியில் 2023-இல் திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகமும், கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகமும் இத்துறையில் பொது ஆர்வத்தை வளர்த்துவருகின்றன. ஆனால் சேகரிப்பாளர்களின் கூடங்களுக்குள் வராத கார்களின் எதிர்காலம் சாதாரணக் குடும்பங்களின் கையில்தான் உள்ளது. பழைய கார் வைத்திருப்போர் வண்ணக் கடைக்குச் செல்வதற்கு முன்பு வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து வைக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தையும் பழைய ரசீதுகளையும் காக்க வேண்டும். கழற்றிய உறுப்பு எதையும், அது பயனற்றதாகத் தோன்றினாலும், எடைக்குப் போடாமல் பெயரெழுதிக் கட்டிவைக்க வேண்டும். முதல் செலவை வண்ணத்துக்கன்றித் துருவுக்கும் பிரேக்குக்கும் ஒதுக்க வேண்டும். தமிழில் இத்தகைய நிகழ்ச்சி எடுக்க முன்வருவோர் மெக்கானிக்கின் பெயரையும், அவருக்குக் கொடுத்த கூலியையும், ஆன மாதங்களையும் திரையில் காட்ட வேண்டும்.