ஆங்கிலப் பேச்சுக் குறுக்கங்களும் எழுத்து நியமமும்: ஒரு வர்க்க நோக்கு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்குப் பேச்சு வழக்கின் குறுக்க வடிவங்களைக் கற்பிக்கலாமா என்னும் வினாவுக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரு விடைகள் உள. அவை மொழித் தூய்மையைக் கெடுக்கும் சிதைவுகளாதலின் விலக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. உயிருள்ள மொழி பேச்சே. எழுத்து நியமம் செயற்கையானது. எனவே குறுக்கங்களையே முதன்மைப்படுத்த வேண்டும் என்பது மற்றையது. முன்னது பழமைவாதமாகவும் பின்னது முற்போக்காகவும் தோற்றமளிக்கின்றன. ஆயின், இரண்டுமே மொழி வடிவத்தை அதனைக் கையாளும் மனிதரின் சமூக நிலையினின்றும் பிரித்து நோக்குகின்றன. பின்னதன் முற்போக்குத் தோற்றம் மயக்கந் தருவது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

குறுக்கம் என ஒரே பெயராற் சுட்டப்படுவன யாவும் ஒரே தன்மையனவல்ல. 'டூ நொற்' என்பது 'டோன்ற்' ஆவதும், 'ஐ ஆம்' என்பது 'ஐம்' ஆவதும் ஒரு வகை. இவை அச்சிலே நிலைபேறு பெற்றவை. 1999இல் வெளிவந்த லோங்மன் பேச்சு, எழுத்து ஆங்கில இலக்கணம் ஏறத்தாழ 4 கோடிச் சொற்கள் கொண்ட தரவுத் தொகுதியை ஆராய்ந்து, இவை உரையாடலில் மிகுந்தும், புனைகதையிலும் செய்தியிலும் படிப்படியாகக் குறைந்தும், ஆய்வுரைநடையில் அருகியும் வருவதை நிறுவியுள்ளது. 'கோயிங் ரு' என்பது 'கொன்னா' ஆவதும், 'வொன்ற் ரு' என்பது 'வொன்னா' ஆவதும் பிறிதொரு வகை. விரைந்த பேச்சிலே கற்றோர் நாவிலும் இவை பயில்வன. எனினும் கற்றோர் உரையாடலை முழு வடிவிலும், உழைப்பாளர் உரையாடலைச் சிதைந்த எழுத்துக்கூட்டலிலும் பதிவு செய்யும் வழக்கம் ஆங்கிலப் புனைகதையில் நெடுங்காலமாக உண்டு. ஒலி ஒன்றாயிருக்கையில் எழுத்தே வர்க்க முத்திரையாகிவிடுகிறது.

வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து இது மேலும் தெளிவாகும். 1710இல் 'ரற்லர்' இதழிலும், 1712இல் ஆங்கில மொழியைத் திருத்தி நிலைப்படுத்துவதற்கான தமது முன்மொழிவிலும் ஜொனதன் சுவிவ்ற் சொற்குறுக்கங்களைக் கடிந்தார். அவர் கண்டித்த 'மொப்' என்னும் சொல் இலத்தீன் தொடரொன்றின் துண்டு. கட்டுக்கடங்காத மக்கள் திரளைக் குறிப்பது. இன்று அகராதிகள் அதனை இயல்பான சொல்லாகவே ஏற்கின்றன. 'எயின்ற்' என்னும் வடிவத்தின் கதையோ மறுதலையானது. பாடசாலை இலக்கணம் அதனைக் கல்லாமையின் சின்னமாக்கிய பின்னரும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரித்தானிய உயர்குடியினர் அதனைக் கூச்சமின்றி வழங்கினர். டொறொதி சேயர்சின் துப்பறியும் நாவல்களில் வரும் பிரபு வகுப்பு நாயகன் அவ்வாறே பேசுகிறான். பிரபுவின் வாயில் அது நயம். தொழிலாளியின் வாயில் வழு. நன்னூலார் மரூஉவை இயல்பு வழக்கின் மூவகையுள் ஒன்றாகக் கொண்டதை அறிந்த நமக்கு, சிதைவு எனும் குற்றச்சாட்டு மொழியியல் சார்ந்ததன்று என்பது எளிதிற் புலனாகும்.

இவ்வுண்மையை நாடகமாக்கியவர் பேர்ணாட் ஷோ. 1913இல் வியன்னாவிலும் 1914இல் லண்டனிலும் மேடையேறிய 'பிக்மேலியன்' பூ விற்கும் எலைசாவை ஒலியியல் அறிஞர் ஹிகின்ஸ் சீமாட்டியாக்க முனைவதைக் கூறுவது. 'டோன்ற்' போன்ற குறுக்கங்களை ஷோ அச்சிற் குறியின்றியே எழுதினார். அவற்றை அறிஞருக்கும் பூக்காரிக்கும் பொதுவாகவே வழங்கினார். எலைசாவின் உச்சரிப்பை எழுத்திற் பெயர்க்கும் முயற்சியை முதல் அங்கத்திலேயே கைவிட்டார். மூன்றாம் அங்கத்தில், திருத்திய உச்சரிப்புடன், ஆனால் தன் வர்க்கத்தின் சொல்லாட்சியோடு, தன் சிற்றன்னையின் மரணத்தை அவள் விவரிக்கிறாள். ஹிகின்ஸ் அதனைப் புதுநாகரிகப் பேச்சு எனச் சமாளிக்க, செல்வம் நலிந்த நடுத்தர வர்க்க யுவதியொருத்தி நம்பி, அவள் வாயில் வந்த வசைச்சொல்லைத் தானும் வழங்குகிறாள். ஒரு வடிவத்தின் பெறுமதி அவ்வடிவத்திலன்றி, அதனைக் கூறுபவர் யார் எனக் கருதப்படுவதிலேயே தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் கூர்மையான சான்று வேண்டியதில்லை. எனினும் ஷோ அக்கருத்தை அதன் முடிவுவரை கொண்டு செல்லவில்லை. எலைசாவின் மீட்சி தனியொருத்தியின் பயிற்சியாகவே அமைகிறது. ஏனைய பூக்காரிகள் தெருவிலேயே நிற்கின்றனர்.

குறுக்கங்கள் ஒழுங்கற்றவை என்னும் எண்ணமும் தவறானதே. 'நீ தயாரா?' என்னும் வினாவுக்கு 'யெஸ், ஐ ஆம்' என விடையிறுக்கலாம். அங்கு 'ஐம்' எனக் குறுக்கலாகாது. வினைமுன் வரும் 'கொன்னா' இடப்பெயர் முன் வாராது. வில்லியம் லபோவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு, நியம ஆங்கிலம் இவ்வினையைக் குறுக்கக்கூடிய இடங்களிலே கறுப்பின அமெரிக்கர் வழக்கு அதனை முற்றாக நீக்கவும், குறுக்க முடியாத இடங்களில் நீக்காமலும் விடுவதைக் காட்டிற்று. ஒரே விதியின் இரு படிகளுள் ஒன்று இயல்பென்றும் மற்றையது அறியாமையென்றும் மதிப்பிடப்பட்டன. 1979இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் வழக்கில் நீதிமன்றம் பிள்ளைகளின் வீட்டு வழக்கை ஆசிரியர் கருத்திற்கொள்ள வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அதன் நோக்கம் நியம ஆங்கிலத்தை வாசிக்கக் கற்பிப்பதே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்குதான் கிராம்சி துணைவருகிறார். 1923ஆம் ஆண்டு ஜென்ற்றிலேயின் கல்விச் சீர்திருத்தம் இத்தாலியப் பாடசாலைகளில் இலக்கணத்தை ஒதுக்கியமை பற்றி, 1935இல் எழுதிய சிறைக்குறிப்புகளில் அவர் ஆராய்ந்தார். ஆளும் வர்க்கம் நியம மொழியைத் தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே பெறுகிறது. இலக்கணத்தைப் பாடசாலை கைவிடின் அதனை இழப்போர் மக்களே என்பது அவர் வாதத்தின் சாரம். சுதந்திரம் என்ற பெயரில் வருவது விலக்கி வைத்தலாகவும் அமையலாம்.

நமது நாட்டில் இதன் கனதி தெளிவு. சிங்கள வழக்கில் ஆங்கிலம் 'கடுவ', அதாவது வாள், எனப்படும். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாக்கி ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆராய்ந்தார். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் பேச்சு வழக்கை இலக்கியத்திற் கையாண்டபோது அது இழிசனர் வழக்கெனத் தூற்றப்பட்டது. அவர்கள் அதனை எதிர்த்து நின்றது நியாயமே. ஆயின் அந்நியாயத்தை ஆங்கில வகுப்பறைக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது. அங்கு மக்கள் தம் சொந்த மொழியில் தம் குரலை நிலைநாட்டினர். இங்கோ கிராமப்புற மாணவன் பிறிதொரு சமூகத்தின் அன்றாடப் பேச்சைப் போலச் செய்யுமாறு கேட்கப்படுகிறான். கொழும்பு உயர்நடுத்தர வர்க்கத்தான் 'கொன்னா' என எழுதின் அது சுவாதீனம். கிராமத்து மாணவன் விண்ணப்பத்தில் அவ்வாறு எழுதின் அவன் விண்ணப்பமே ஒதுக்கப்படலாம்.

எனவே குறுக்கங்களைத் தடைசெய்வதும் வழிபடுவதும் ஒருங்கே தவிர்க்கப்பட வேண்டும். இருவகைக் குறுக்கங்களையும் செவியால் இனங்காண மாணவருக்குக் கற்பித்தல் வேண்டும். இன்றேல் நூலறிவு பெற்றும் அவர்கள் பேச்சுக்குச் செவிடராவர். முதல் வகையைப் பேச்சிலும் கடிதத்திலும் கையாளப் பயிற்றலாம். எழுத்து நியமத்தையோ விதிகளுடனும் விளக்கத்துடனும் முழுமையாகக் கற்பிக்க வேண்டும். இவ்வேறுபாடுகள் எவ்வாறு தோன்றின, எவர் நலனைக் காத்தன என்பதும் பாடத்தின் பகுதியாக வேண்டும். வாளினைப் பிடிக்கக் கற்பவன், அதனை வடித்தவர் யாரென்பதையும் அறிந்திருத்தல் அவசியம்.