உலர்த்துவதும் ஊற வைப்பதும்

தைலம் வடிக்க வெட்டிவேரைக் கொப்பரையில் ஏற்றுவதற்கு முன் நடக்கும் வேலை, முதல் பார்வைக்கு முரணாகத்தான் தெரியும். பிடுங்கிய வேரை நாள்கணக்கில் காய வைக்கிறார்கள். வடிப்பதற்கு முந்தைய நாள் அதையே இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். காய வைப்பானேன், பிறகு ஊற வைப்பானேன்?

உலர்த்துவது பெரும்பாலும் கிடங்குக்காக. நட்ட 12 முதல் 18 மாதத்தில் வேர் மொத்தமாக வந்து குவியும். கொப்பரையோ ஒருமுறை நிரப்பினால் நாள் முழுக்க, சில இடங்களில் அதற்கு மேலும் எரிய வேண்டும். முறைக்குக் காத்திருக்கும் ஈர வேரில் பூஞ்சணம் பிடித்துவிடும். ரோஜாவுக்கு இந்த அவகாசமே கிடையாது. காலையில் பறித்ததை அன்றே வடித்தாக வேண்டும். வெட்டிவேரின் மணப்பொருள்கள் கனத்தவை. குசிமால், வெட்டிவோன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். லேசில் ஆவியாகிப் போகாது. ஆறப்போட்ட வேரில் தைலத்தின் அளவு சற்றுக் குறையலாம். ஆனால் கெட்டியாகவும் மணம் முதிர்ந்தும் இறங்கும். ஆகவே நிழலில் உலர்த்துவதில் எனக்குப் புகார் இல்லை.

மணப்பொருள்களின் அந்தக் கனமே வடிக்கும்போது இடைஞ்சல். தைலம் வேரின் மேல்தோலில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஈரம் ஊடுருவி வேர் உப்பினால்தான் அது நீரோடு கசிந்து வெளியே வரும். காய்ந்து விறைத்த வேரில் நீராவி மேலோடு போய்விடும், வடித்து முடிக்க நேரம் நீளும். ஊற வைப்பதை வெறும் சடங்கென்று சொல்பவர்கள் விறகுக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனால் அதிகமாக ஊறினால் புளித்த வாடை ஏறும். ஊறிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது அதைவிட மோசம். அதையும் கொப்பரையிலேயே ஊற்றலாமே.

நறுக்குவதில் அளவு தெரிய வேண்டும். விரல் நீளத் துண்டுகள் போதும். பொடித்தால் நல்லதென்று இடித்துப் போட்டால் தூள் அடைபட்டுக் கட்டியாகும். கிடைத்த இடுக்கு வழியே நீராவி தப்பிவிடும்.

உண்மையான சேதம் கழுவும் தொட்டியில்தான். மண்ணோடு வேகும் வேர் கொப்பரையின் அடியில் பிடித்துக் கருகல் வாடை தரும். சாவக (ஜாவா) வெட்டிவேர்த் தைலத்தைப் பற்றி வாசனைத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் குறை இது. அதற்கு அஞ்சி அடித்துத் துவைத்தால் சல்லி வேர்கள் முறிந்து தண்ணீரோடு போகும். கடலூர்க் கடலோர மணல் நிலத்து வேருக்கு இந்தத் தொல்லை குறைவு: உதறினாலே பாதி மணல் கொட்டிவிடும். களிமண் வேருக்கு அப்படி நடக்காது. எடைக்கு விலை என்ற பேரத்தில் மண்ணை உதறித் தர விற்பவருக்கு அவசரமில்லை. வாங்குபவர் தொட்டியில் வைத்து ஆத்திரத்தோடு தேய்க்கிறார். மாலைக்கும் விசிறிக்கும் போகும் நீண்ட வேருக்கு அப்படித் தேய்த்து வரும் பளபளப்பு வேண்டும். தைலத்துக்குப் போகும் வேரையும் அதே கையால், அதே அழுத்தத்தில் தேய்ப்பதுதான் தவறு.